நெடுஞ்சாலைக் கடவையில் கேமரா: எதை வைப்பது, எங்கே வைப்பது?

நெடுஞ்சாலைக்கு அடியில் விலங்குகளுக்கென்று ஒரு சுரங்கவழி இருக்கிறது, அல்லது மேலே மண் கொட்டிச் செடி வளர்த்த ஒரு பாலம். இரண்டும் இல்லையென்றால் இனிமேல் கட்டப்போவதாகப் பேச்சு. விலங்குகள் சாலையைக் கடக்க அமைத்த இந்த வழிகளைத்தான் கடவை என்கிறேன். வார இறுதியில் நேரம் ஒதுக்கக்கூடிய தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். விலங்கு அசைந்ததும் தானாகப் படம் எடுக்கும் தானியங்கி கேமரா நாலைந்து வாங்கும் அளவுக்குப் பணமும் சேர்ந்துவிட்டது. இப்படி ஒரு குழு முதல்முறை கூடினால் பேச்சு நேராகக் கேமராவில்தான் போய் நிற்கும். எந்தக் கம்பெனி, எத்தனை மெகாபிக்சல், இரவில் எவ்வளவு தூரம் தெரியும்?

என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பது. இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதே இல்லை: மெமரி கார்டில் ஒரு படமும் விழாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? சிறுத்தையோ கரடியோ விழுந்த கார்டுக்கு விளக்கம் தேவையில்லை. வெறும் கார்டுதான் சிக்கல். விலங்கு வரவில்லையா, வந்தும் கேமரா கவனிக்கவில்லையா, மூன்றாம் நாளே பேட்டரி போய்விட்டதா? ‘இங்கே விலங்கு கடக்கவில்லை’ என்று நீங்கள் சொல்லும்போது சாலைத் துறைக்காரர் நம்ப வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

கடவையிலா, காட்டிலா?

செய்ய வேண்டிய பெரிய முடிவு இதுதான். கேமராவைக் கடவையின் வாயிலேயே வைக்கலாம். அல்லது சாலையிலிருந்து விலகி, இருபுறமும் உள்ள காட்டில் விலங்குத் தடங்களில் வைக்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை. முன்னது ‘கட்டியதைப் பயன்படுத்துகின்றனவா’ என்று சொல்லும். பின்னது ‘பயன்படுத்த இங்கே யார் இருக்கிறார்கள்’ என்று சொல்லும்.

கடவையில் வைப்பதன் பெரும் பலம், விலங்கு போகும் பாதை உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா இதற்குச் சிறந்த உதாரணம். அங்கே டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் 6 மேம்பாலங்களும் 38 சுரங்கவழிகளும் விலங்குகளுக்காகக் கட்டப்பட்டு, 1996 முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டன. சாலையோர வேலியும் கடவையும் சேர்ந்து விலங்குகள் மீதான வாகன மோதல்களை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்தன. கட்டமைப்பின் வடிவத்தைப் பொறுத்து விலங்குகளின் விருப்பமும் மாறுகிறது என்பது அங்கே தெரியவந்தது. கிரிஸ்லி கரடி, ஓநாய், எல்க் என்ற பெரிய மான், மற்ற மான்கள் ஆகியவை அகலமான, திறந்த வழிகளை விரும்பின. கறுப்புக் கரடியும் கூகர் என்ற பெரிய பூனையினமும் குறுகலான, மறைவான வழிகளை நாடின. காட்டுக்குள் மட்டும் கேமரா வைத்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

ஆனால் ‘கடவையில் வைப்பது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. சாலைக்கடியில் ஓடும் ஒரு மதகுக்குள் ஒரே கேமரா போதும். உள்ளே நுழைந்தது அதன் கண்ணில் படாமல் போவது கடினம். ஐம்பது மீட்டர் அகலப் பாலத்தில் அதே கேமரா அரைக்குருடு. சாதாரண தானியங்கி கேமரா மான் அளவு விலங்கை இருபது மீட்டர் அளவில்தான் நம்பகமாக உணரும். முயல் அளவு என்றால் அதில் பாதிகூட இருக்காது. இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலை 44-இல் 9 கடவைக் கட்டமைப்புகள் உள்ளன. அவற்றில் நீளமானது 750 மீட்டர். 2019-இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் அவற்றுக்குக் கீழே 78 கேமராக்களை வைத்தது. 18 காட்டு விலங்கினங்கள் பதிவாயின. கோடுகளைக் கொண்டு 11 புலிகள் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டன. அந்த 78 என்ற எண்ணைக் கவனியுங்கள். நாலு கேமரா வைத்திருக்கும் குழு இவ்வளவு நீளமான கட்டமைப்பைக் கண்காணிக்கப் போனால், ‘வரவில்லை’ என்று சொல்லும் உரிமை அதற்கு இருக்காது. ‘வந்தது’ என்று மட்டும் சொல்லலாம். அந்த நிலையில் பக்கத்தில் உள்ள ஒரு சிறு மதகை எடுத்துக்கொண்டு அதை முழுமையாகப் பார்ப்பது மேல்.

கடவையில் வைத்தால் கிடைக்கும் இன்னொன்று, திரும்பிப் போன விலங்கு. வாய் வரை வந்து, மோந்து பார்த்து, லாரி ஒன்று மேலே உறுமியதும் வந்த வழியே ஓடும் மானின் படம், கடந்துபோன பத்து மான்களின் படத்துக்குச் சமம். அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வுகளில் கடந்தவை, மிரண்டு திரும்பியவை, சாலைக்கு இணையாகவே நடந்து போய்விட்டவை என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். தன்னார்வக் குழு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய முறை இது. இதற்கு ஒரு கேமரா கட்டமைப்பின் உள்ளேயும் ஒன்று வெளியே வாயை நோக்கியும் இருக்க வேண்டும். ஒரே ஒரு கேமராவை உள்ளே வைத்துவிட்டு ‘வந்ததெல்லாம் கடந்தது’ என்று எழுதும் அறிக்கைகள் இந்த இடத்தில்தான் ஏமாறுகின்றன.

காட்டுப் பக்கம் வைப்பது வேறு கதை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐ-90 நெடுஞ்சாலை கேஸ்கேட் மலைத்தொடரை ஸ்னோகுவால்மி கணவாயில் கடக்கிறது. அந்தக் கணவாய்க்குக் கிழக்கே சுமார் 15 மைல் நீளத்துக்குச் சாலையைத் திருத்திக் கட்டியபோது விலங்குகளுக்கான சுரங்கவழிகளும் கீச்செலஸ் ஏரிக்கருகே ஒரு மேம்பாலமும் சேர்க்கப்பட்டன. அந்தப் பகுதியில் தன்னார்வலர்கள் கேமராக்களைப் பராமரிப்பதோடு பனிக்காலத்தில் காலடித் தடங்களையும் படிக்கிறார்கள். கடவை கட்டுவதற்கு முன்பே சாலையின் இருபுறமும் என்னென்ன விலங்குகள் இருந்தன என்ற தகவல் இப்படித்தான் சேரும். கட்டி முடித்த பிறகு எந்தப் பணத்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: கடவை இன்னும் கட்டப்படவில்லை என்றால் எல்லாக் கேமராக்களும் காட்டுக்கே போகட்டும், சாலையின் இரு பக்கமும் சமமாக. கட்டியாகிவிட்டது என்றால் பாதிக்குக் குறையாமல் கடவைக்கு. குறைந்தது ஒரு கேமரா ஒவ்வொரு பக்கக் காட்டிலும் நிற்க வேண்டும். இல்லையென்றால் கடவை காலியாக இருக்கும்போது, அது கட்டமைப்பின் குறையா அல்லது அந்த விலங்கே அக்கம்பக்கத்தில் இல்லையா என்று சொல்ல வழியில்லை.

சாலையோரத்தில், வேலிக்கருகே வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒவ்வொரு வாகனமும் கேமராவைத் தட்டி எழுப்பும். இரண்டே நாளில் கார்டு நிரம்பும். போதாததற்குத் திருட்டு வேறு.

மெமரி கார்டா, சிம் கார்டா?

படத்தைக் கார்டில் சேமித்து வைக்கும் கேமராவா, செல்பேசி வலையமைப்பு வழியே உடனே அனுப்பும் கேமராவா என்ற வாக்குவாதம் எந்தக் குழுவிலும் வரும். சிம் கேமராவில் கவர்ச்சி அதிகம். காலையில் காப்பி குடிக்கும்போதே இரவு வந்த கரடி போனில் வந்து நிற்கும். குழுவின் உற்சாகத்துக்கு அது மருந்து என்பதை மறுக்கவில்லை. ஆனால் மாதக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். மலையிடுக்கில் சிக்னல் இருக்காது. பேட்டரி வேகமாகக் கரையும். பல மாடல்கள் போனுக்கு அனுப்புவது சுருக்கிய படம் மட்டுமே. முழு அளவுப் படத்துக்கு எப்படியும் ஒருவர் போய்க் கார்டை எடுத்துவர வேண்டும்.

நம் அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால் சிம் கேமராவின் உண்மையான பயன் வேறு. அது தினமும் ஒரு முறை ‘உயிரோடு இருக்கிறேன், பேட்டரி இவ்வளவு’ என்று தகவல் அனுப்பும்படி அமைக்க முடியும். கேமரா நின்றுபோன நாள் அன்றே தெரியும். கார்டு கேமராவில் அது அடுத்த முறை போகும்போதுதான் தெரியும். அதற்குள் ஒரு மாதம் வீணாகியிருக்கலாம்.

இதற்குக் கார்டு கேமராவிலேயே ஓர் எளிய வழி உண்டு. இன்று கிடைக்கும் பல மாடல்களில், அசைவைப் பார்த்ததும் எடுப்பதோடு, குறித்த நேரத்தில் ஒரு படம் எடுக்கும் வசதியும் சேர்ந்தே இருக்கிறது. நண்பகலில் ஒன்று, நள்ளிரவில் ஒன்று என்று வையுங்கள். நண்பகல் படம், கேமரா அன்று வேலை செய்தது, யாரும் அதைத் திருப்பிவிடவில்லை, புல் வளர்ந்து லென்சை மறைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. நள்ளிரவுப் படம், அகச்சிவப்பு விளக்கு எரிந்தது என்பதற்குச் சாட்சி. பேட்டரி இறங்கும்போது பகல் படம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், இரவுப் படம் மட்டும் கறுத்துப்போகும். இரவில்தான் பெரும்பாலான விலங்குகள் நடமாடுகின்றன என்பதால் இந்தச் சாவு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். அந்தக் கறுத்த நள்ளிரவுப் படம் தொடங்கிய தேதிக்குப் பின் வரும் இரவுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். மீதியுள்ள இரவுகளில் ‘ஒன்றும் வரவில்லை’ என்பதை ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

எனவே பெரும்பாலும் கார்டு கேமரா. எளிதில் போய்வர முடியாத முக்கியமான ஓர் இடத்துக்கு மட்டும், சிக்னல் இருந்தால், ஒரு சிம் கேமரா. மிச்சமாகும் கட்டணத்தில் நல்ல லித்தியம் பேட்டரி வாங்குங்கள். குளிரில் அல்கலைன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும்.

வீடியோவா படமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு முறை தூண்டப்பட்டால் மூன்று படம், இடைவெளி விடாமல். விலங்கின் திசையும் தயக்கமும் அதிலேயே தெரிந்துவிடும். வீடியோ அழகாக இருக்கும். ஆனால் பேட்டரியையும் பார்ப்பவரின் மாலை நேரத்தையும் அதுவே தின்றுவிடும்.

இரவு விளக்கில் மூன்று வகை உண்டு. வெள்ளை ஃபிளாஷில் நிறம் தெரியும், தனி விலங்கை அடையாளம் காண அது உதவும். ஆனால் வாகன ஓட்டியின் கண்ணில் பட வாய்ப்புள்ள எந்த இடத்திலும் அதை நினைக்கவே வேண்டாம். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும், தூரம் அதிகம் எட்டும். 940 நானோமீட்டர் மனிதக் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, தூரம் குறையும். ஆள் நடமாட்டமுள்ள சுரங்கவழியில் திருட்டைத் தவிர்க்க 940. காட்டுக்குள் 850.

கேமராவே வேண்டுமா?

கேமரா வருவதற்கு முன் கடவைகளில் மணல் பரப்பிக் காலடி பார்த்தார்கள். பான்ஃபிலும் அப்படித்தான் தொடங்கியது. பிறகு தடப்பரப்பையும் கேமராவையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீண்டகாலக் கண்காணிப்புக்குக் கேமராவே சிக்கனம் என்று முடிவானது. காரணம் எளிது: மணலைச் சில நாளுக்கு ஒரு முறை யாராவது போய்ச் சமன்படுத்த வேண்டும், மழை பெய்தால் எல்லாம் அழியும். மனித உழைப்பு குறைவாக உள்ள குழுவுக்கு இது தாங்காது.

ஆனாலும் தடத்தை ஒதுக்கிவிடக் கூடாது. கேமரா பார்ப்பது தனக்கு முன்னால் உள்ள ஒரு துண்டு நிலத்தை மட்டுமே. தடம் பார்ப்பவர் சாலைக்கு இணையாக ஒரு கிலோமீட்டர் நடந்தால், விலங்கு வேலியோரமாக எவ்வளவு தூரம் அலைந்தது, எங்கே புகுந்தது என்று படித்துவிடலாம். பனியோ, மழைக்குப் பிந்தைய ஈரமண்ணோ கிடைக்கும் நாள்களில் இதைச் செய்து, கேமராவை எங்கே வைப்பது என்பதை அதிலிருந்து முடிவு செய்வது நல்லது.

கேமரா தவறவிடும் உயிர்களும் உண்டு. இந்தக் கேமராக்களில் உள்ள உணர்வி, பின்னணிக்கும் உடலின் மேற்பரப்புக்கும் உள்ள வெப்ப வேறுபாடு நகர்வதைக் கண்டுதான் விழித்துக்கொள்கிறது. தவளை, பாம்பு, ஆமை போன்றவை சுற்றுப்புற வெப்பத்திலேயே இருப்பதால் பெரும்பாலும் அதன் முன் ஊர்ந்து போய்விடும், ஒரு படமும் விழாது. கடும் வெயில் நாளில் பாறையும் மானும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் மானுக்கும் அதே கதிதான். தவளைக்கென்று கட்டிய சிறு குழாய்வழியைக் கண்காணிக்க வேண்டுமானால், உணர்வியை நம்பாமல் சில நொடிக்கு ஒரு படம் எடுக்கும் முறைக்கு மாறுங்கள். படங்கள் மலைபோல் குவியும். வேறு வழியில்லை.

முள்கம்பி கட்டி முடி சேகரித்து மரபணு பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. கடந்து போன கரடிகள் அந்தப் பக்கம் போய் இனப்பெருக்கமும் செய்தனவா என்பதைப் பான்ஃபில் அப்படித்தான் கண்டார்கள். இதற்கு ஆய்வகம் வேண்டும், தனி அனுமதி வேண்டும். ஆய்வாளர்கள் அழைத்தால் உதவிக்குப் போகலாம், தனியாக இறங்க வேண்டாம்.

சாலையில் அடிபட்ட விலங்குகளை எண்ணுவது கேமராவுக்கு மாற்று ஆகாது, துணையாகும். கடவை தோற்ற இடத்தை அது காட்டும். ஆனால் சிறிய உடல்கள் சில மணி நேரத்திலேயே காக்கைக்கும் நரிக்கும் இரையாகிவிடும். வேகமாக வாகனங்கள் ஓடும் சாலையோரத்தில் தன்னார்வலரை நடக்கவிடுவதும் பொறுப்பான காரியமில்லை. சாலைத் துறையிடமும் காவல் துறையிடமும் உள்ள மோதல் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த கார்டு

நாலு கேமரா ஒரு மாதம் நின்றால் சில ஆயிரம் படம் வரும். அதில் பெரும்பகுதி காற்றில் ஆடிய கிளையாக இருக்கும். யார் பார்ப்பது?

பொதுமக்களிடம் இணையத்தில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது ஒரு வழி. தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் வைத்த 225 கேமராக்களின் படங்களை இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இணையம் வழியே பிரித்தார்கள். பலர் சொன்ன விடைகளைச் சேர்த்தபோது நிபுணர்களோடு 96.6 சதவீதம் பொருந்தியது. பிரமிப்பான விஷயம்தான். ஆனால் அது லட்சக்கணக்கான படங்களுக்கான ஏற்பாடு. நெடுஞ்சாலைக் கடவையில் நடைப்பயிற்சிக்காரர்களும் ஆடு மேய்ப்பவர்களும் படத்தில் விழுவார்கள். அவர்கள் முகத்தை ஊருக்கெல்லாம் காட்ட நமக்கு உரிமை இல்லை. அரிய விலங்கு தினமும் கடக்கும் இடம் வேட்டைக்காரருக்குத் தெரிந்தாலும் ஆபத்து.

கணினிக்குக் கொடுப்பது இன்னொரு வழி. மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் படத்தில் விலங்கு, மனிதர், வாகனம் எங்கே என்று கட்டம் போட்டுக் காட்டும்; என்ன விலங்கு என்று சொல்லாது. காலிப் படங்களை ஒதுக்க இதுவே போதும், சிறு குழுவின் வேலையில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். இனத்தைச் சொல்லும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இரவில், பாதி உடல் மட்டும் தெரியும் படத்தில் அவை சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். கணினி காலி என்று தள்ளியதிலும் ஒரு பங்கை எடுத்துக் கண்ணால் பாருங்கள். சிறிய உயிர்கள் அங்கேதான் சிக்கிக் கிடக்கும்.

நான் பரிந்துரைப்பது: கணினி காலியை ஒதுக்கட்டும், குழுவில் இருவர் தனித்தனியாகப் பெயர் எழுதட்டும், இருவரும் மாறுபட்ட படம் மட்டும் உள்ளூர் விலங்குகளை அறிந்த ஒருவரிடம் போகட்டும். ‘தெரியவில்லை’ என்று எழுத இடம் வையுங்கள். அந்தக் கட்டம் இல்லாத படிவத்தில்தான் வீட்டுப் பூனையெல்லாம் காட்டுப் பூனையாகும்.

நிறைய இடமா, நிறைய காலமா?

கடைசியாக, குழுக்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம். ஒரு மாதம் ஒன்றும் விழவில்லை என்றால் ‘இடம் சரியில்லை, மாற்றுவோம்’ என்று யாராவது சொல்வார்கள். இரண்டு முறை மாற்றியதும் நல்ல படம் விழும் இடமாகப் பார்த்துக் கேமரா குடியேறிவிடும். ஆல்பம் நன்றாக இருக்கும். கடவையைப் பற்றி அது எதுவும் சொல்லாது, ஏனென்றால் விலங்கு வராத இடங்களையெல்லாம் நாமே கணக்கிலிருந்து அழித்துவிட்டோம்.

கடவையைப் பழகுவதற்கு விலங்குகளுக்குக் காலம் வேண்டும். பான்ஃபில் கிரிஸ்லி போன்ற எச்சரிக்கையான விலங்குகள் கடவைகளை இயல்பாகப் பயன்படுத்தத் தொடங்க ஐந்து ஆண்டு வரை ஆனது. முதல் வருடத்தோடு கேமராவைக் கழற்றியிருந்தால், பணம் வீண் என்று எழுதியிருப்பார்கள். ஆகவே பத்து இடத்தில் இரண்டு மாதம் என்பதைவிட இரண்டு இடத்தில் ஐந்து வருடம் என்பதையே எடுப்பேன். ஒரே கம்பம், ஒரே உயரம், ஒரே கோணம். கேமரா பழுதாகி வேறு மாடல் வாங்க நேர்ந்தால் இரண்டையும் சில வாரம் அருகருகே வைத்து ஒப்பிட்டுவிட்டு மாற்றுங்கள். உணர்வியின் கூர்மை மாடலுக்கு மாடல் மாறும். புதிய கேமரா வந்ததும் மான் கூடியதாகத் தோன்றினால் அது மானால்தானா என்று தெரிய வேண்டும்.

இத்தனை வருடம் என்றால் குழுவில் ஆள் மாறுவார்கள். அதனால் ஒரு கேமராவுக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுக்காமல், இடத்துக்கு இருவர் என்று கொடுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் சரி, நெடுஞ்சாலையோரம் தனியாக யாரும் போக வேண்டியதில்லை.

நாலு கேமராவோடு, கட்டி முடித்த ஒரு கடவையின் பக்கத்தில் தொடங்கும் குழுவுக்கு என் கணக்கு இப்படி: ஒன்று உள்ளே, முழங்கால் உயரத்தில், எதிர்வாயின் வெளிச்சம் நேராக விழாதபடி பாதைக்குச் சாய்வாக. ஒன்று வெளியே, வாயை நோக்கி. இரண்டு காட்டில், பக்கத்துக்கு ஒன்று. எல்லாம் கார்டு, மூன்று படத் தொடர், நண்பகல் நள்ளிரவுச் சாட்சிப் படங்களோடு. ஐந்தாவதற்குப் பணம் வந்தால் அதைப் பழுதுக்கு மாற்றாக அலமாரியில் வையுங்கள். இதையெல்லாம் ஆர்டர் செய்வதற்கு முன்னால் நிலத்துக்கு உரியவரிடமும் சாலைத் துறையிடமும் வனத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதற்கு ஆகும் நாள்களில் தடம் பார்க்கப் போகலாம்.